மலையைக் கேட்டு நாளைத் திட்டமிடுங்கள்: கேப் டவுனுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேப் டவுனுக்கு டிக்கெட் போட்டதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, நாள்வாரியாக அட்டவணை எழுதுவது. திங்கள் மலை, செவ்வாய் தீவு, புதன் பென்குவின். தென்னாப்பிரிக்காவின் இந்தத் துறைமுக நகரில் அந்த அட்டவணை பெரும்பாலும் முதல் நாளே கிழிந்துவிடும். ஊருக்கு நேர் மேலே 1,086 மீட்டர் உயரத்தில் தட்டையான உச்சியோடு நிற்கிறது டேபிள் மவுண்டன். அது என்றைக்குத் தெளிவாக இருக்கும், என்றைக்கு மேகம் போர்த்திக்கொள்ளும், அதன் எந்தப் பக்கத்துக் கரையில் காற்று அள்ளிக்கொண்டு போகும், எந்தப் பக்கம் அடங்கியிருக்கும் என்று ஒரு வாரம் முன்பே யாராலும் எழுதி வைக்க முடியாது.

ஆகவே இங்கே திங்கள், செவ்வாய் கிடையாது. பார்க்கவேண்டிய இடங்களை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்வோம். காற்றுக்கும் மேகத்துக்கும் கட்டுப்பட்டவை முதல் கட்டு: மலை உச்சி, ராபன் தீவு, கேப் முனை. எந்த வானிலையிலும் பார்க்கக்கூடியவை இரண்டாம் கட்டு: அருங்காட்சியகங்கள், போ-காப், துறைமுகப் பகுதி. வானம் தெளிந்த நாள் எது வந்தாலும் அது முதல் கட்டுக்கு. மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும். ஐந்து முழு நாள் கையில் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். மூன்று நாள்தான் என்றால் எதையாவது விட்டுவிட மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அடி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தென்கோளம் என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நமக்குப் பழகிய மழைக்கணக்கும் இங்கே தலைகீழ்: குளிர்காலத்தில்தான் மழை, கோடை வறண்டு கிடக்கும். டிசம்பரில் இரவு எட்டு மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. ஒரே நாளில் இரண்டு நாள் வேலை பார்க்கலாம்.

ஆனால் கோடைக்கு ஒரு விலை உண்டு. அதுதான் தென்கிழக்குக் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, கேப் டவுனுக்கு மார்கழிதான் ஆடி. நகரத்தின் புழுதியையும் புகையையும் அடித்துச் செல்வதால் ஊர்க்காரர்கள் இந்தக் காற்றை 'கேப் டாக்டர்' என்று செல்லமாகச் சொல்வார்கள். மலை உச்சிக்குப் போகும் கேபிள் கார் காற்றால் நிறுத்தப்பட்டு, நிலையத்தின் வாசலோடு திரும்பிப் போகிறவர்களுக்கு அந்தச் செல்லம் புரியாது. டிசம்பர் கடைசியும் ஜனவரித் தொடக்கமும் உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் கூட. விடுதி வாடகை ஏறிக் கிடக்கும்.

என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல். வெயில் இருக்கும், காற்று தணிந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் கேபிள் கார் நிறுவனத்தின் ஆண்டுப் பராமரிப்பு எந்த வாரத்தில் என்று முதலில் பாருங்கள். அந்த நாள்களில் சேவை முழுவதும் நிற்கும்.

அடி 2: விசா, தடுப்பூசி, பணம், பிளக்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாக டிக்கெட் போட்டால் காத்திருப்பு நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த டிக்கெட் என்று நீண்ட காத்திருப்பை வாங்கிவிட்டு, பிறகு ஊசிக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணம் ராண்ட். கடைகளில், உணவகங்களில் கார்டு செல்லும். ஆனாலும் பையில் கொஞ்சம் சில்லறை வேண்டும். எங்கே காரை நிறுத்தினாலும் பளபளக்கும் மேலுறை அணிந்த ஒருவர் வந்து வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். திரும்பி வரும்போது சில ராண்ட் கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம்: அங்கே புழக்கத்தில் இருக்கும் பெரிய மூன்று உருண்டைக் கம்பி பிளக், நம் வீட்டு ஏ.சி.க்கும் கீசருக்கும் மாட்டுகிற அதே பவர் பிளக்தான். ஊரில் வாங்கிய நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் அந்த பிளக் இருந்தால் குடும்பம் முழுவதற்கும் அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

அடி 3: எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

முதன்முறை போகிறவர்கள் மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே தங்குவது நல்லது. கார்டன்ஸ், டி வாட்டர்கான்ட், கிரீன் பாயின்ட், வாட்டர்ஃப்ரன்ட் ஆகிய பகுதிகள். கடற்கரை ஆசையில் கேம்ப்ஸ் பேயில் அறை எடுத்தால் மாலை அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு காலையும் மலையைச் சுற்றிக்கொண்டு நகரத்துக்கு வரவேண்டும். கார்டன்ஸில் இருந்தால் படுக்கையிலிருந்தே உச்சியைப் பார்த்து அன்றைய முடிவை எடுக்கலாம். இந்த ஊரில் அது பெரிய வசதி.

நகரத்துக்குள் மைசிட்டி என்ற பேருந்து நன்றாக ஓடுகிறது. ஏறுவதற்கு அட்டை வாங்கிப் பணம் ஏற்றவேண்டும். இறங்கி ஏறிக்கொள்ளும் சிவப்பு நிறச் சுற்றுலாப் பேருந்தும் உண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஏற்றது. இரவில் ஊபர், போல்ட். கேப் முனைக்கு மட்டும் ஒரு நாள் கார் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் பயம் இல்லை.

பாதுகாப்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள். மிகையான பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்காதீர்கள், தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், காரின் இருக்கையில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள். மலைப்பாதைகளில் தனியாகப் போகாதீர்கள். அங்கே வழிப்பறி நடந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களே கூட்டமாகத்தான் ஏறுகிறார்கள்.

அடி 4: மலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காலையில் எழுந்ததும் பார்க்கவேண்டியது மலையின் விளிம்பை. உச்சிக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாகத் தெரிந்தால், காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மதியம் போகலாம் என்று நினைத்தால் மதியம் மேகம் வந்திருக்கும்.

அந்த மேகம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஊரே புரிந்துவிடும். தென்கிழக்குக் காற்று ஃபால்ஸ் பே என்ற வளைகுடாவின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, உச்சியில் மேகமாகிறது. பிறகு நகரத்தைப் பார்த்த வடக்கு விளிம்பில் வழிந்து இறங்குகிறது. இறங்க இறங்கக் காற்று சூடாவதால் மேகம் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் வெள்ளை விரிப்பு ஒரே உயரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும், கீழே வந்து சேரவே சேராது. ஊரில் நல்ல வெயில், உச்சியில் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். 'மேஜை விரிப்பு' என்று அதற்குப் பெயர். வான் ஹங்க்ஸ் என்ற பழைய கடற்கொள்ளைக்காரன் பக்கத்துச் சிகரத்தில் உட்கார்ந்து சாத்தானோடு போட்டி போட்டுக்கொண்டு சுருட்டுக்குழாய் புகைக்கிறான், அந்தப் புகைதான் இது என்று ஒரு கதையும் உண்டு. அந்தச் சிகரத்தின் பெயரே சாத்தான் சிகரம்.

கேபிள் கார் 1929 அக்டோபரில் தொடங்கியது. இப்போது ஓடும் பெட்டிகள் 1997இல் வந்தவை. ஒன்றில் 65 பேர் ஏறலாம். மேலே போகிற சுமார் ஐந்து நிமிடத்தில் பெட்டியின் தரை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். ஆகவே ஜன்னலோரம் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே நகரமும் கடலும் பாறையும் முறைவைத்து முன்னால் வரும். ஒரு எச்சரிக்கை: ஜன்னல் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தரை உங்கள் காலை மட்டும் இழுத்துக்கொண்டு போகும்.

டிக்கெட்டை இணையத்தில் வாங்குங்கள். காலை டிக்கெட்டுக்கும் பிற்பகல் டிக்கெட்டுக்கும் விலை வேறுபடும். வாங்கிய டிக்கெட் எத்தனை நாள் செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் அன்று வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கீழே காற்றே இல்லாதபோதும் மேலே நிறுத்தியிருப்பார்கள்.

மேலே போனவர்களில் பாதிப்பேர் முதல் தடுப்புச்சுவரில் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் இறங்கிவிடுகிறார்கள். அது வீண். தட்டையான உச்சியில் கல் பாவிய சின்னச் சின்னப் பாதைகள் இருக்கின்றன. இன்னும் தெம்பிருந்தால் மக்லியர்ஸ் பீக்கன் வரை நடக்கலாம், ஒரு வழிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி ஆகும். மலையின் மிக உயர்ந்த புள்ளி அதுதான். வழியெல்லாம் ஃபின்போஸ் என்று சொல்லப்படும் குட்டைப் புதர்ச் செடிகள். இந்த கேப் பகுதியில் சுமார் 9,000 வகைச் செடிகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டு பெருச்சாளிபோல ஒரு பிராணி உங்களை முறைத்தால் பயப்படவேண்டாம், அதன் பெயர் டாசி. உறவுமுறையில் அது எலிக்கல்ல, யானைக்குத்தான் நெருக்கம். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

கீழே முப்பது டிகிரி என்றாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். சங்கு ஒலித்தால் உடனே நிலையத்துக்குத் திரும்புங்கள். காற்று கூடுகிறது, வண்டியை நிறுத்தப்போகிறார்கள் என்று அர்த்தம். வரிசை நீளும்.

நடந்தே ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு பிளாட்டெக்லிப் கணவாய்தான் நேர்வழி. 1503இல் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் அன்டோனியோ டி சல்டான்யா ஏறியதே, பதிவில் உள்ள முதல் ஏற்றம். கல் படிகளாக ஏறிக்கொண்டே இருக்கும், நிழல் கிடையாது. இரண்டு முதல் மூன்று மணி நேரம். அதிகாலையில் தொடங்கி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு போனால் நல்லது. கேபிள் காரில் இறங்கலாம் என்ற நம்பிக்கையில் முழு சக்தியையும் ஏறுவதிலேயே செலவழிக்காதீர்கள். வண்டி நின்றுவிட்டால் அதே படிகள்தான்.

இவ்வளவு வேண்டாம் என்றால் 669 மீட்டர் உயரமுள்ள லயன்ஸ் ஹெட். ஒன்றரை மணியில் ஏறிவிடலாம். கடைசிப் பகுதியில் ஏணியும் இரும்புப் பிடிகளும் வரும். பௌர்ணமி இரவில் ஊரே டார்ச் விளக்கோடு அதில் ஏறும். நடக்கவே முடியாதவர்களுக்கு சிக்னல் ஹில், கார் உச்சி வரை போகும்.

அடி 5: ராபன் தீவுக்கு முதலில் டிக்கெட் எடுங்கள்

விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடி பதிவு செய்யவேண்டியது இது. வாட்டர்ஃப்ரன்டில் உள்ள நெல்சன் மண்டேலா வாயிலிலிருந்து நாளுக்குச் சில படகுகளே கிளம்புகின்றன. டிசம்பரில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அலை பெரிதானால் படகு ரத்து. ஆகவே பயணத்தின் முதல் அல்லது இரண்டாம் நாளுக்கு எடுங்கள். ரத்தானாலும் வேறு நாள் கேட்க இடம் இருக்கும். படகு, சுற்று எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் படகில் ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டேலா சிறையில் கழித்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் இந்தத் தீவில். 1964இல் வந்தார். 64ஆம் ஆண்டின் 466ஆவது கைதி என்பதால் எண் 466/64. சிறைக்குள் உங்களை அழைத்துப்போகும் வழிகாட்டிகள் அங்கேயே அடைபட்டிருந்த அரசியல் கைதிகள். இந்தச் சுற்றின் உயிரே அதுதான். அவர்கள் சொல்லும்போது கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். மண்டேலாவின் அறையைப் பார்க்க எல்லோரும் நெருக்குவார்கள், ஒவ்வொருவருக்கும் சில நொடிதான் கிடைக்கும்.

அறையைவிட என்னை அதிகம் நிறுத்தி வைத்தது சுண்ணாம்புக்கல் குவாரி. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ததில் மண்டேலாவின் கண்கள் பாதிக்கப்பட்டன. குவாரியின் ஓரத்தில் ஒரு குகை. கைதிகள் அதைக் கழிப்பிடமாகவும் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடமாகவும் பயன்படுத்தினார்கள், காவலர்கள் நாற்றத்துக்குப் பயந்து உள்ளே வரமாட்டார்கள் என்பதால். வாசலில் ஒரு சின்னக் கற்குவியல் இருக்கும். 1995இல் பழைய கைதிகள் திரும்பிவந்து கூடியபோது மண்டேலா ஒரு கல்லை வைத்தார், பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொன்று வைத்தார்கள். கற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. தீவைச் சுற்றிக்காட்டும் பேருந்து அங்கே அதிக நேரம் நிற்காது. வழிகாட்டி காட்டும்போது பார்த்துவிடுங்கள்.

திரும்பும் படகில் முடிந்தால் வெளித்தளத்தில் நில்லுங்கள். டேபிள் மவுண்டன் முழு அகலத்துக்குத் தெரிவது கடலிலிருந்துதான்.

அடி 6: காற்று நாளைக்கென்று நகரத்தை வைத்துக்கொள்ளுங்கள்

மலை மூடியிருக்கிறது, படகும் இல்லை. பலருக்கு இது வீணான நாள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இந்த நாள்தான். எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

அடர்லி தெருவின் முனையில் ஸ்லேவ் லாட்ஜ். 1679இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டிய கட்டடம், இப்போது அருங்காட்சியகம். தமிழ் வாசகர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் கையில் வைத்திருந்த அதே கம்பெனிதான் கேப்பையும் ஆண்டது. சோழமண்டலக் கரை, வங்கம், மலபார், இலங்கை, இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் என்று இந்துமாக் கடலின் எல்லாக் கரைகளிலிருந்தும் மனிதர்களை இங்கே இறக்கினார்கள். உள்ளே ஒளிரும் தூண் ஒன்றில் வளையம் வளையமாகப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சொந்தப் பெயர்கள் அல்ல, உடைமையாளர்கள் வைத்த பெயர்கள். ஏப்ரல், செப்டம்பர் என்று வந்து இறங்கிய மாதமே பெயராகிவிட்டவர்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் ஊர்: 'வங்கத்தின்', 'மலபாரின்', 'கரையின்'. அந்தக் கடைசிக் 'கரை' நம்முடையது. தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் 1860இல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களிலிருந்தே கதையைத் தொடங்குவோம். அதற்கு இரு நூற்றாண்டு முன்பே நம் கரையிலிருந்து இங்கே ஆள்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

வெளியே வந்து சர்ச் சதுக்கத்தில் 11 கருங்கல் பாளங்களைப் பாருங்கள், 2008இல் வைத்த அடிமைகள் நினைவுச்சின்னம். அங்கிருந்து குயின் விக்டோரியா தெருவுக்குப் போனால் நீதிமன்றக் கட்டடத்தின் வெளியே இரண்டு மரப் பெஞ்சுகள். ஒன்றில் 'வெள்ளையர் மட்டும்', இன்னொன்றில் 'வெள்ளையர் அல்லாதோர் மட்டும்'. நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஒருவர் எந்த இனம் என்று அதிகாரிகள் விசாரித்து முடிவு கட்டிய இடம் அந்தக் கட்டடம். இடையே கம்பெனி தோட்டம், 1652இல் கப்பல்களுக்குக் காய்கறி விளைவிக்கத் தொடங்கியது. உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நல்ல நிழல்.

பத்து நிமிட நடையில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். சுமார் 60,000 பேர் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள், வீடுகள் புல்டோசருக்குப் போயின. பழைய தேவாலயம் ஒன்றுக்குள் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தின் தரை முழுவதும் அந்தப் பகுதியின் வரைபடம். அங்கு வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே தொங்குபவை இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் தூக்கி எறியாமல் பதுக்கி வைத்திருந்த தெருப்பெயர்ப் பலகைகள். இங்கும் பழைய குடியிருப்பாளர்கள் வழிகாட்டுவதுண்டு. கேட்டுப் பாருங்கள்.

அருகிலேயே சிட்டி ஹால். 1990இல் விடுதலையான அன்று மாலை மண்டேலா அதன் மாடியிலிருந்துதான் பேசினார். தேதி, அதே பிப்ரவரி 11.

காசில் ஆஃப் குட் ஹோப் என்ற ஐந்துமுனைக் கோட்டையும் பக்கம்தான். 1666 முதல் 1679 வரை கட்டியது, அப்போது கடல் அதன் வாசலில் இருந்தது. பின்னால் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கோட்டை உள்ளே போய்விட்டது. நேரம் இருந்தால் பாருங்கள்.

மதியத்துக்கு போ-காப் போய்விடுங்கள். பச்சை, மஞ்சள், ரோஜா நிறங்களில் வரிசை வீடுகள், சாய்வான கல் தெருக்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள். இது காட்சிக்கென்று வைத்த தெரு அல்ல, அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகள் வாழும் முஸ்லிம் குடியிருப்பு. வாசற்படியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அதில் கடுப்பு இருக்கிறது, நியாயமான கடுப்பு. டார்ப் தெருவில் இருக்கும் அவ்வல் பள்ளிவாசல் 1794இல் தோன்றியது, நாட்டின் முதல் பள்ளிவாசல். அதன் முதல் இமாம் துவான் குரு, ராபன் தீவில் சிறைப்பட்டிருந்தபோது முழுக் குர்ஆனையும் நினைவிலிருந்து எழுதியவர். மண்டேலாவுக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டு முன்னால் அதே தீவு.

சரியாக 12 மணிக்கு மேலே சிக்னல் ஹில்லிலிருந்து ஒரு பீரங்கி வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் தவிர. 1806 முதல் இந்த வழக்கம். இன்றைக்கும் வானாய்வு மையத்தின் கடிகாரம்தான் அதை இயக்குகிறது. புறா கலையும், புதிதாக வந்தவர்கள் குனிவார்கள், உள்ளூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சாப்பாடும் இங்கேயே. போபோட்டி என்பது மசாலா சேர்த்த கொத்துக்கறியின் மேல் முட்டைப் பால் ஊற்றிச் சுட்டெடுப்பது, திராட்சை போட்ட மஞ்சள் சோறோடு வரும். சமோசா எல்லாக் கடையிலும் கிடைக்கும், உருளைக்கிழங்கா கறியா என்று கேட்டு வாங்குங்கள். ஞாயிறு காலையானால் கோசிஸ்டர்: ஏலம், பட்டை, சோம்பு சேர்த்த மாவைப் பொரித்துப் பாகில் ஊறவைத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டியது. சூடாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஆறினால் பாகு உறைந்து பல்லில் ஒட்டும். காட்ஸ்பி என்ற நீண்ட ரொட்டி ஒன்றை ஒருவர் தின்று முடிக்க முடியாது, நாலு பேருக்கு ஒன்று போதும்.

மழையும் சேர்ந்துகொண்டால் வாட்டர்ஃப்ரன்ட். கடைகள் எந்த ஊரிலும் இருப்பவைதான். ஆனால் படகுத்துறையில் சோம்பேறித்தனமாகப் புரளும் கடல்நாய்களையும், பழைய தானியக் கிடங்கின் உருளைகளைக் குடைந்து 2017இல் திறந்த சைட்ஸ் மோக்கா என்ற ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஓவியம் பிடிக்காதவர்களும் உள்கூடத்தில் அண்ணாந்து நிற்பார்கள்.

அடி 7: காலை கிழக்கே, மாலை மேற்கே

மலை ஒரு பெரிய நிழல். அதன் கிழக்குச் சரிவில் இருக்கும் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் பிற்பகலிலேயே வெயில் இறங்கிவிடும். ஆகவே அங்கே காலையில் போங்கள். 1913இல் தொடங்கிய இந்தப் பூங்கா உள்நாட்டுச் செடிகளை மட்டுமே வளர்ப்பது என்ற கொள்கை உடையது. மரங்களின் தலைக்கு மேல் பாம்புபோல் வளைந்து போகும் 130 மீட்டர் நடைபாலம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். நடைபாலத்தோடு நின்றுவிடாமல் 1660இல் நட்ட காட்டு பாதாம் வேலியின் மிச்சத்தையும் தேடிப் பாருங்கள். டச்சுக் குடியேற்றத்தையும் கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலத்தையும் பிரிக்க வைத்த வேலி அது. நிலத்தைப் பிரிக்கும் வேலை இந்த ஊரில் எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது பாருங்கள்.

மாலைக்கு மேற்குக் கரை: கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன். தென்கிழக்குக் காற்று ஊரையே ஆட்டும்போதும் கிளிஃப்டனின் சிறு மணல்திட்டுகள் மலையின் மறைவில் அமைதியாக இருக்கும். தண்ணீர் மட்டும் ஏமாற்றும். அட்லாண்டிக்கின் பெங்குவேலா நீரோட்டம் பனிக்கட்டிபோல் குளிர்ந்தது, கணுக்கால் நனைத்ததும் திரும்பிவிடுவீர்கள். குளிக்கவேண்டும் என்றால் ஃபால்ஸ் பே பக்கம் மியூசன்பெர்க், அங்கே சில டிகிரி வெதுவெதுப்பு அதிகம். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளவும் அதுதான் இடம். சுறா கண்காணிப்பவர்கள் ஏற்றி வைக்கும் கொடியின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடி 8: கேப் முனைக்கு ஒரு முழு நாள்

காற்று குறைந்த இன்னொரு நாளை இதற்குக் கொடுங்கள். காலை எட்டுக்குள் கிளம்பி, ஃபால்ஸ் பே கரையோரமாகத் தெற்கே போவது என் சிபாரிசு. கால்க் பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காபி. பிறகு சைமன்ஸ் டவுனை அடுத்த போல்டர்ஸ் கடற்கரை. 1982இல் இரண்டு ஜோடிகளாக வந்து கூடு கட்டிய ஆப்பிரிக்கப் பென்குவின்கள் அங்கே பெரிய கூட்டமாகின. கழுதைபோல் கத்தும். இரையான மத்தியும் நெத்திலியும் குறைந்ததால் இந்த இனமே அருகி, 2024இல் மிக ஆபத்தான நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்காகச் சக்கரத்தடியில் வந்து படுத்திருக்கும்.

அங்கிருந்து தேசியப் பூங்காவின் வாயில். பபூன் குரங்குகள் கார்க் கதவைத் திறக்கத் தெரிந்தவை. கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, சாப்பாட்டைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப் முனையில் இரண்டு கலங்கரை விளக்கங்கள். பழையது 1860இல் ஏற்றியது, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்கும் மேலே உச்சியில் நிற்கிறது. உயரம்தான் அதன் வினை: மேகமும் பனியும் கவிந்தால் விளக்கு அதற்குள் மறைந்துவிடும், கீழே கப்பலில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. 1911இல் லூசிட்டானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் கீழே பாறையில் மோதியது. அதன்பின் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கு கட்டி, 1919இல் ஏற்றினார்கள். பழைய கலங்கரை விளக்கம் வரை இழுவை ரயில் இருக்கிறது. நடந்தால் இருபது நிமிடம். தொப்பி அணிந்து போகாதீர்கள், கடல் எடுத்துக்கொள்ளும்.

நன்னம்பிக்கை முனை என்று பாடப்புத்தகத்தில் படித்தது இங்கிருந்து சற்று மேற்கே, கீழே கடல்மட்டத்தில். 1488இல் பார்த்தலோமியோ டயஸ் சுற்றியது, 1497இல் கோழிக்கோடு நோக்கி வாஸ்கோ ட காமா கடந்தது. பெயர்ப்பலகை முன் படத்துக்கு வரிசை நிற்கும். ஆப்பிரிக்காவின் தென்கோடி இதுதான் என்றும், இரண்டு கடல்களும் சேரும் கோடு அதோ தெரிகிறது என்றும் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். தென்கோடி இன்னும் தென்கிழக்கே உள்ள அகுல்ஹாஸ் முனை. அட்லாண்டிக்குக்கும் இந்துமாக் கடலுக்குமான எல்லையும் அங்கேதான். பலகையிலேயே தென்மேற்குக் கோடி என்றுதான் எழுதியிருக்கிறது.

திரும்பும் வழி நூர்ட்ஹூக், சாப்மன்ஸ் பீக் சாலை. 1922இல் திறந்தது, மலையைக் குடைந்து 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள், சுங்கக் கட்டணம் உண்டு. இந்தத் திசையில் வந்தால் இடது பக்கம் ஓட்டும் உங்கள் கார் கடலோரமாகவே வரும், வண்டி நிறுத்தும் திட்டுகளும் உங்கள் பக்கமே இருக்கும், எதிர்வரிசையைக் கடக்க வேண்டாம். பாறை சரியும் ஆபத்து இருந்தால் சாலையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் நிலவரம் பாருங்கள், மூடியிருந்தால் வந்த வழியே திரும்பவேண்டியதுதான். திறந்திருந்தால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக நூர்ட்ஹூக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஹவுட் பே துறைமுகத்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும்.